கலுங்கோரத்து நாற்காலி

லோடு ஆட்டோவின் பின்தட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆடாமல் கட்டுவது லேசான காரியமில்லை. தகரத்தின்மேல் நான்கு காலும் நான்கு திசைக்கு வழுக்கும். தங்கப்பாண்டி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சாக்கு ஒன்றை நனைத்துப் பிழிந்து நான்காக மடித்து விரிப்பார். அதன்மேல் நாற்காலி. பின்கால்கள் இரண்டையும் தக்காளிப் பெட்டி கட்டுகிற கயிற்றால் பக்கக் கம்பிகளோடு இழுத்துக் கட்டுவார். முன்கால்களைக் கட்டமாட்டார்.

"முன்னாடியும் இறுக்கிட்டா பள்ளத்துல வண்டி இறங்குறப்ப கால் ஒடிஞ்சிரும். கொஞ்சம் அசைய விடணும்" என்பார்.

விடியுமுன் பரவை மார்க்கெட்டிலிருந்து ஓட்டல்களுக்குக் காய்கறி இறக்குகிற வண்டி அது. எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் கொத்தமல்லி வாசம் போகாது. நாற்காலி கட்டி முடிந்ததும் வண்டியைப் பின்பக்கமாகவே நகர்த்தி வீட்டு வாசல்படியை ஒட்டி நிறுத்துவார். படியிலிருந்து தட்டுக்கு ஒரே எட்டு. அந்த ஓர் எட்டைத்தான் அவருடைய மனைவி முனீஸ்வரியால் வைக்க முடியும். மடியில் கைக்குழந்தை அளவுக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய், கழுத்தில் பைனாகுலர். அவள் உட்கார்ந்ததும் வண்டி மாட்டுவண்டி வேகத்தில் மாவிலிக் கண்மாய்க்குக் கிளம்பும்.

சமயநல்லூரில் ரயில்பாதையைத் தாண்டி மேற்கே போனால் மாவிலிப்பட்டி. ஊருக்கு வடக்கே கண்மாய். மேல்கண்மாய் நிறைந்து வழிகிற தண்ணீர் இதற்கு வரும். இது நிறைந்தால் கலுங்கு என்கிற கல்வரம்பைத் தாண்டி வழிந்து கீழ்க்கண்மாய்க்குப் போகும். மாவிலிக்கு வருகிற தண்ணீர் எந்த வருஷமும் அரைவயிற்றுக்குத்தான். முழுசாக நிறையாது, சட்டென்று வற்றவும் செய்யாது. முழங்கால் தண்ணீரும் சேறும் கோரையுமாகக் கிடக்கும். சம்சாரிகளுக்கு அது பெரிய குறை. பறவைகளுக்கு அதுதான் பந்தி. உள்ளானுக்குக் கணுக்கால் சேறு வேண்டும், சிறு வாத்துகளுக்கு முழங்கால் தண்ணீர் வேண்டும், நாரைக்கு இரண்டுக்கும் நடுவில். இங்கே எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்தது. சில வருஷங்களுக்கு முன் வனத்துறை 'பறவைகள் பாதுகாப்புப் பகுதி' என்று ஒரு பச்சைப் பலகையை நட்டது. அதன் காலில் இப்போது யாராவது ஆடு கட்டிவைக்கிறார்கள்.

முனீஸ்வரிக்கு ஐம்பத்தாறு வயது. பக்கத்தில் ஒரு நூற்பாலை ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவள். நூற்கும் பகுதிக்கு மாறுமுன் முதலில் கார்டிங்கில். பஞ்சைச் சீவி வடமாக இழுக்கும் பகுதி அது. அங்கே காற்றே வெள்ளையாக இருக்கும். பஞ்சுத்தூசி கொடுக்கிற நோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வாரம் முழுக்கத் தூசியில் நிற்கிறவரைக்கும் உடம்பு பழகிவிட்டது போல நடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் நெஞ்சு இறுகும். ஆலைக்காரர்கள் அதைத் திங்கக்கிழமை இளைப்பு என்றே சொன்னார்கள். சில வருஷங்களில் அது செவ்வாய்க்கும் நீளும். அப்புறம் வாரம் முழுவதும். அப்புறம் ஆலையை மூடிப் பூட்டினாலும் இளைப்பு வீட்டுக்குக் கூடவே வந்துவிடும். முனீஸ்வரிக்கு அப்படித்தான் வந்தது.

தங்கப்பாண்டியும் அதே ஆலைதான். அவர் பார்த்தது ஈரக்காற்று அறை. நூல் அறாமல் ஓடுவதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். வறண்ட காற்றில் பஞ்சு சிலிர்த்துக்கொண்டு இழை அறும். அதற்காகத் தண்ணீரைப் பூப்பூவாகத் தூவி, அதன் நடுவே காற்றை இழுத்து, கூரைக் குழாய்கள் வழியே உள்ளே தள்ளுவார்கள். அதன் வால்வுகள் அவர் கையில் இருந்தன. உள்ளே இழை அறுகிறது என்று ஆள் வந்தால் வால்வை இன்னும் கொஞ்சம் திறப்பார். இழை அறுவது நிற்கும். ஆலை மூடுகிறவரை அவர் செய்த வேலை அதுதான். ஒருநாளும் அது அவரை ஏமாற்றியதில்லை.

இயந்திர இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைப்பேச்சு தெரியும். காதைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். நெற்றியைத் துடைத்தால் ஈரம் பத்தவில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து உருட்டினால் அறுந்த இழையை ஒட்டியாயிற்று.

"இவரு கல்யாணத்துக்குக் கேட்டதே கையாலதேன்" என்று முனீஸ்வரி முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "நான் பதிலு சொல்லுறதுக்குள்ள பக்கத்து மிஷின்காரி தலையாட்டிட்டா."

இப்போது நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் அவளுக்கு மூச்சு தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் பழைய கைப்பேச்சு திரும்பி வந்திருந்தது. கண்மாயில் அது இன்னும் தோதாகப் போயிற்று. பறவைகள் கையாட்டுவதைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மனிதக் குரலைப் பொறுக்காது.

பைனாகுலரைக் கொடுத்தவர் பக்கத்துத் தெரு கிளமெண்ட். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் விலங்கியல் வாத்தியார். அவர் மனைவி ரூத், நர்ஸ். கிளமெண்ட் முக்காலியும் தொலைநோக்கியுமாகக் கண்மாய்க்குப் போகிறபோதெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரி, "என்ன சார்... வந்திருக்கு?" என்று கேட்பாள். ஒருநாள் அவர் பழைய பைனாகுலரைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டார். சீக்கிரமே அவளுக்குப் பிடிபட்டது. நூற்கும் இயந்திரத்தில் வரிசையாக ஓடுகிற நூற்றுக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைத் தேடிப் பழகிய கண்கள். ஆயிரம் கோரைத்தாள் அசைகிற இடத்தில் மாறி அசைகிற ஒன்று அவளுக்குத் தென்பட்டுவிடும்.

சேற்றில் மூக்கை விட்டு விட்டு எடுக்கிற உள்ளான்களை அவள் 'தையல்காரி' என்றாள். புல்வெளியை ஒட்டித் தாழப் பறந்து எலி தேடுகிற பூனைப்பருந்து, 'மேஸ்திரி'. அவன் வந்தால் எல்லாப் பறவையும் வேலை செய்வது போல நடிக்கும்.

ஆனால் அவள் கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனது பட்டைத்தலை வாத்தைப் பற்றித்தான். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் கறுப்பாக இரண்டு பட்டை. மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து. மலைக்கு மேலே காற்று பாதிகூட இருக்காது. மனிதனென்றால் அந்த உயரத்தில் நாலடி நடந்துவிட்டு உட்கார வேண்டியதுதான். இது றெக்கையடித்துக்கொண்டே போகும்.

"எப்பிடி சார்... முடியுது... அதுக்கு?" என்று அவள் கேட்டபோது கிளமெண்ட் வண்டித்தட்டில் சாக்பீஸால் படம் போட்டே விளக்கினார். மனித நுரையீரல் ஒரு முட்டுச்சந்து. காற்று உள்ளே போன வழியிலேயே திரும்பி வரவேண்டும். எவ்வளவு ஊதித் தள்ளினாலும் கொஞ்சம் பழைய காற்று சந்தின் கோடியில் தங்கிவிடும். புதுக்காற்று அதோடு கலந்துதான் போகும். முனீஸ்வரியைப் போன்றவர்களுக்கு அந்தப் பழைய காற்று நிறையத் தங்கும். பறவைக்கு நுரையீரல் ஒருவழிப்பாதை. உடம்புக்குள் காற்றுப்பைகள் இருக்கின்றன. இழுத்த மூச்சு முதலில் பின்பைகளுக்குப் போகும். அங்கிருந்து நுரையீரலுக்குள் புகுந்து முன்பைகளுக்கு வரும். பிறகுதான் வெளியே. ஒரு மூச்சுக்காற்று உடம்பைக் கடந்து போக இரண்டு முறை இழுத்து இரண்டு முறை விடவேண்டும். ஆனால் நுரையீரலில் எப்போதும் புதுக்காற்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். இழுக்கும்போதும் புதுசு, விடும்போதும் புதுசு.

முனீஸ்வரி படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"மொதல்லயே... இப்பிடிச் செஞ்சிருக்கலாம்ல... நம்மளையும்" என்றாள்.

"செஞ்சிருந்தா நீ பறந்து போயிருப்ப. எனக்குச் சோறாக்க ஆளு?" என்றார் தங்கப்பாண்டி.

போன வருஷம் கார்த்திகையில் அந்த வாத்துகள் மாவிலிக்கு வந்தன. அந்த வாரம் முனீஸ்வரி சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கிளமெண்ட் போனில் எடுத்த படங்களைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து காட்டினார். அவள் ஒவ்வொன்றையும் விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். "போட்டோல... சத்தம் இல்லையே சார்" என்றாள். அப்போதிருந்து அவளுக்கு நினைப்பெல்லாம் இந்தக் கார்த்திகைமேல்தான். நுரையீரல் டாக்டர் இந்த ஆனியில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தங்கப்பாண்டியைத் தனியே கூப்பிட்டு, இன்னும் நிறையக் கார்த்திகைகளை எதிர்பார்க்க வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தே முனீஸ்வரி தெரிந்துகொண்டாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்து ஒரு மாலையில் வெளுத்தது. இலங்கைப் பக்கம் போன மேகம் கிழக்கே மலைபோல நின்றது. "சிறகிக் கூட்டம் இறங்கியிருக்கு அக்கா" என்று கிளமெண்ட் போனில் சொன்னதும் முனீஸ்வரி சேலை மாற்றிவிட்டாள். ஆனால் கரைக்கு ஏறும் வண்டிப்பாதை களியாகக் குழைந்து கிடந்தது. டயர் சுற்றியதே தவிர வண்டி ஏறவில்லை. அவள் கீழே இறங்கினாள். மடைக்குப் பக்கத்தில் கல்படிகள் இருந்தன. தங்கப்பாண்டி சிலிண்டரைத் தூக்கிக்கொள்ள, அவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

அன்றைக்குக் கண்மாய் நிறையச் சிறகி என்கிற சிறு வாத்துகள். பறவை என்று தெரிவதற்கு முன் தண்ணீரே கறுத்துத் தெரிந்தது. அவள் நன்றாகப் பார்த்தாள். இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தாள். ஆனால் மறுநாள் காலை அவளை எழுப்ப முடியவில்லை. கண்ணைத் திறப்பாள், ஏதோ உளறுவாள், மறுபடி சொருகிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் வந்து மதுரைக்குக் கொண்டுபோனது. முகத்தை மூடுகிற முகமூடி வைத்து இயந்திரம் காற்றைத் தள்ளி இழுத்தது. ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்றே மகள் பவதாரிணி பைனாகுலரைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சமயநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடையை நடத்துகிறவள். மாமியார் வீட்டில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

"இனி கண்மாய்ங்கிற பேச்சே இந்த வீட்ல இருக்கக்கூடாது. பனிக்காத்து, ஈரக்காத்து. நுரையீரல் இருக்குற லட்சணத்துக்கு அங்க போயி உக்காந்தா சும்மா விடுமா?"

"டாக்டரு... சொன்னாரா?"

"குளிர்ல போகாதீங்கன்னு சொன்னாரு. கண்மாய் என்ன அடுப்படியா?"

தங்கப்பாண்டி சாக்கையும் கயிற்றையும் சுருட்டி மூலையில் வைத்தார். அவருக்கும் பயம் பிடித்திருந்தது. கூட்டிப்போனது அவர்தானே.

கார்த்திகை பிறந்தது. முனீஸ்வரி சண்டை போடவில்லை. போட மூச்சும் இல்லை. கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்ப்பாள். மேலே ஏதாவது சத்தம் போனால் தலை மட்டும் திரும்பும். மிளகு ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றை இரண்டு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்று கையைக் கவிழ்ப்பாள். சாப்பிடுவதற்கும் மூச்சு வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முன்பு நாலு வாய் சாப்பிட்டவள்.

ரூத் அந்தச் சமயத்தில் ஊரில் இல்லை. திண்டுக்கல்லில் தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று போயிருந்தாள். திரும்பி வந்த அன்று சாயங்காலமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, நான் ஊருக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஐசியூ பாத்துட்டு வந்துட்டீங்க?"

"ஏசி... போட்டிருந்தான். நல்லா இருந்துச்சு" என்றாள் முனீஸ்வரி.

"கிண்டலுக்கு மட்டும் மூச்சு வந்துரும்" என்றாள் பவதாரிணி, அடுப்படி வாசலில் நின்றபடி. "நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர். இன்னமும் கண்மாய்க்குப் போகணுமாம். போயிட்டு வந்துதான் இந்தக் கூத்து."

ரூத் முனீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே தங்கப்பாண்டியிடம் திரும்பினாள். "அன்னைக்கி என்ன நடந்துச்சுண்ணே? மொதல்ல இருந்து சொல்லுங்க."

"வண்டி ஏறல. படியில ஏறுனா. மேல போகவும் இளைக்கிது பாருங்க, நெஞ்சாங்கூடு சேலையோட தூக்கித் தூக்கிப் போடுது. விரல் மிஷின்ல ஆக்சிஜன் எண்பத்தி மூணு காட்டுது."

"சரி."

"பாத்துக்கிட்டு நிப்பேனா? தொறந்து விட்டேன்ல."

"எதை?"

"சிலிண்டரைத்தேன். ரெண்டு லிட்டர்ல கெடந்துச்சு. அஞ்சுக்குத் தூக்கிட்டேன். உடனே பாருங்க, நம்பரு தொண்ணூத்தெட்டு! மூஞ்சி தெளிஞ்சிருச்சு. அவபாட்டுக்குப் பறவை பாக்க ஆரம்பிச்சுட்டா." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

ரூத் முனீஸ்வரியின் மணிக்கட்டை விட்டாள். "எப்பக் கொறைச்சீங்க?"

"ஏன் கொறைக்கணும்? நல்லா இருக்கால்ல. வீட்டுக்கு வந்தும் பெரிய மிஷின்ல அஞ்சுலயே வச்சுட்டேன். ராவுல இளைக்கக் கூடாதுல்ல."

"தலை வலிக்குதுன்னாங்களா?"

"ஆமா. காப்பி போட்டுக் கொடுத்தேன்."

ரூத் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டைத் தூக்கி, கைகள் தாமாக விழுந்து விழுந்து எழுவது போலக் காட்டினாள். "கை இப்பிடி அடிச்சுக்கிச்சா? கொக்கு றெக்கை மாதிரி?"

தங்கப்பாண்டி வியந்துபோனார். "அட ஆமா சிஸ்டர்! கையாலதான பேசுவா, அன்னைக்கி அவ கைப்பேச்சு ஒண்ணுமே வெளங்கல. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

ரூத் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் சொன்னாள். மூச்சு என்பது உள்ளே வருவது மட்டுமில்லை. கெட்ட காற்று வெளியே போவதும் மூச்சுதான். இந்த மாதிரி நுரையீரலில் உள்ளே வருவதைவிட வெளியே போவதுதான் கஷ்டம். அதில் அளவுக்கு மேல் ஆக்சிஜனைத் தள்ளினால் நம்பர் அழகாக ஏறும், உடம்பும் நிம்மதியாகிவிடும். ஆனால் வெளியேற வேண்டிய காற்று ரத்தத்திலேயே தங்கிக்கொள்ளும். அது கூடினால் தலைவலி, கை அடித்துக்கொள்ளுதல், மயக்கத் தூக்கம். அதனால்தான் டாக்டர் இரண்டு என்று எழுதியிருக்கிறார். தொண்ணூறு காட்டினால் போதும், நூறு வேண்டாம் என்கிறார்.

"எண்பத்திமூணு காட்டினா என்ன செய்யணும்னா, அசையாம உக்கார வச்சு, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதச் சொல்லணும். ஏறிடும். அதுக்கும் ஏறலைன்னா எனக்கோ டாக்டருக்கோ போன். திருகு மேல கை போகக்கூடாதுண்ணே."

மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் புஸ்ஸென்று இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. தங்கப்பாண்டி அதையே பார்த்தார்.

"பத்தலைன்னா தொறக்கணும்" என்றார். "எனக்கு அம்புட்டுதேன் தெரியும் சிஸ்டர். வேலைக்குச் சேந்த நாளுல இருந்து அதைத்தேன் செஞ்சேன்." அப்புறம் கட்டில் பக்கம் திரும்பினார். "அப்ப நாந்தேன் இவளை அங்க கொண்டுபோயிப் படுக்க வச்சிருக்கேன்."

"ஏன்ப்பா யார்ட்டயும் ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள் பவதாரிணி. கேட்ட பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டிருக்கவேண்டாம் என்று நினைத்தவள் போலச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முனீஸ்வரி கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். அவர் பார்க்கிறவரைக்கும் காத்திருந்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து மெல்ல உருட்டினாள். இழையை ஒட்டியாயிற்று. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முனீஸ்வரி மகளைப் பார்த்தாள். "கேட்டியாடி? கண்மாய்க்கு... ஜாமீனு."

ரூத் சிரித்துவிட்டாள். "பவதாரிணி, நான் டாக்டர்ட்டப் பேசுறேன். வெயில் வந்தப்புறம், காதை மூடிக்கிட்டு, படி ஏறாம, ரெண்டுல வச்சுப் போனா அவர் வேண்டாம்னு சொல்லமாட்டார்னு நெனக்கிறேன். இங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடாம கெடந்தாலும் உடம்பு எறங்கத்தானே செய்யும்?"

"படி ஏறாம எப்பிடி?"

"கலுங்குப் பக்கம் போங்க. அங்க புதுசா சிமென்ட் ரோடு போட்டிருக்காங்க. கிளமெண்ட் பைக்கு அதுலதான் போகுது."

பவதாரிணி கொஞ்ச நேரம் கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். "நானும் வருவேன். திருகு என் கையிலதான் இருக்கும். யப்பா அது பக்கமே வரக்கூடாது. சிலிண்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுச்சுன்னா வாத்து வந்தாலும் சரி, யானை வந்தாலும் சரி, வண்டி வீட்டுக்குத் திரும்பிரும்."

டாக்டர் சரி என்றார். கார்த்திகையின் கடைசி வாரத்தில் ஒருநாள் கிளமெண்ட் போனில் கூப்பிட்டார். கீழ்க்கண்மாயில் பட்டைத்தலைகள் தென்பட்டதாம். ராத்திரி வயல்பக்கம் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறும்போது இளைப்பாறத் தண்ணீர் தேடும்; மாவிலிக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

மறுநாள் காலை கலுங்கோரத்தில் வண்டி நின்றது. தண்ணீர் கல்வரம்பின் அடிக்கல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. முனீஸ்வரி நாற்காலியில், தலையில் மப்ளர், மேலே சால்வை. பவதாரிணி பக்கத்தில் தட்டிலேயே உட்கார்ந்து, சிலிண்டரைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். அவளுடைய ஸ்கூட்டி பின்னால் நின்றது. தங்கப்பாண்டி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டிருந்தார். கிளமெண்ட் சற்றுத் தள்ளி முக்காலியை நட்டிருந்தார்.

வாத்து வரவில்லை. தையல்காரிகள் சேற்றைத் தைத்தன. தகைவிலான்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பூச்சி பிடித்தன. வெயில் முதுகில் ஏறியது. முனீஸ்வரி பவதாரிணிக்கு ஒவ்வொன்றாகக் கையால் காட்டினாள். மகள் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். அது பாதிக்குக் கீழே வந்திருந்தது. படி எதுவும் ஏறாததால் விரல் மிஷின் தொண்ணூறிலேயே நின்றது.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்மா."

முனீஸ்வரி தலையாட்டினாள். முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. பிறகு தொட்டது. முனீஸ்வரியே பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினாள். சொன்ன சொல் சொன்னதுதான். தங்கப்பாண்டி எழுந்து வேட்டியைத் தட்டினார்.

அப்போது தெற்கே எங்கோ ஒரு சத்தம். நாய்க்குட்டிகள் தூரத்தில் குரைப்பது போல, ஆனால் உயரத்திலிருந்து. கிளமெண்ட் கையைத் தூக்கினார். எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

பனைகளுக்கு மேலே ஒரு வளைந்த கோடு வந்தது. கோடு நெருங்க நெருங்கப் புள்ளிகளாகி, புள்ளிகள் கழுத்தும் றெக்கையுமாயின. நேர்மேலே வந்தபோது குரலோடு சேர்ந்து இன்னொரு ஓசை கேட்டது. றெக்கைகள் காற்றை அறுக்கிற ஓசை. அத்தனை வாத்தும் சேர்ந்து பெரிய விசிறி ஒன்றைச் சுழற்றுவது போல இருந்தது. தண்ணீரின்மேல் நிழல்கள் ஓடின. ஒரு வட்டம் அடித்தன. அப்புறம் நடந்ததைத் தங்கப்பாண்டி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. முதல் வாத்து பறந்தபடியே சட்டென்று கவிழ்ந்தது. வயிறு வானத்தைப் பார்த்தது, முதுகு தண்ணீரைப் பார்த்தது. தலை மட்டும் திரும்பாமல் நேராக இருந்தது. கல்லைப் போல விழுந்தது. விழுந்த வேகத்திலேயே புரண்டு நிமிர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக எல்லாமே, வானத்திலிருந்து வாத்துகளைக் கொட்டிவிட்டது போல.

"விழுகுதே! அடிபட்டிருச்சா?" என்று பதறினார்.

"இல்லண்ணே" என்றார் கிளமெண்ட், குரலைத் தணித்து. "உயரத்துல இருந்து சட்டுன்னு எறங்கணும்ல. றெக்கை பிடிச்சு வச்சிருக்குற காத்துதான் அதைத் தூக்கிட்டே இருக்கு. கவுந்துக்கிட்டா அந்தக் காத்து கொட்டிரும்."

தங்கப்பாண்டி அடுத்த வாத்து கவிழ்வதைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. "கொறைக்குதுடி முனி" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "வேணும்கிற அளவுக்குக் கொறைச்சு எறங்குது."

வாத்துகள் காலை நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. அலைகள் கலுங்குவரை வந்து கல்லில் தட்டின. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. வெள்ளைத் தலைகளும் அவற்றில் இரண்டிரண்டு கறுப்புப் பட்டைகளும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. ஒரு வாத்து அலகால் தண்ணீரை மொண்டு கழுத்தை நீட்டிக் குடித்தது. இமயமலையைத் தாண்டி வந்த நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது.

முனீஸ்வரி பைனாகுலரைத் தூக்கவில்லை. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி, மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்குக் குழாயின்மேல் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

தங்கப்பாண்டிதான் முதலில் நினைவு வந்து மகளைப் பார்த்தார். சிவப்பு என்று கையால் காட்டினார். முனீஸ்வரியும் தலையாட்டி, போகலாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினாள்.

பவதாரிணி முள்ளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே நோக்கியதில் நோவெடுத்தது போலக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அம்மாவின் கை தோளில் பட்டதும் திரும்பினாள்.

"சிவப்புக்குக் கீழயும் கால்மணி நேரத்துக்குத் தாங்கும்ல?" என்று கிளமெண்டிடம் கிசுகிசுத்தாள்.

"அரைமணிக்கே தாங்கும்."

அவள் அப்பாவைத் தட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, சிலிண்டரை அவர் மடியில் வைத்தாள். திருகையும் முள்ளையும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ரெண்டுலயே இருக்கட்டும்ப்பா. நான் போயி இன்னொண்ணை எடுத்துட்டு வாரேன்."

தங்கப்பாண்டி அந்தத் திருகைத் தொடாமல், சிலிண்டரை மட்டும் இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பவதாரிணி தட்டிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினாள். ஸ்கூட்டியின் சாவியைத் திருகப் போனவள் ஒருமுறை தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பையும் கழற்றி வண்டியில் மாட்டி, ஸ்கூட்டியைத் தள்ளியபடியே சிமென்ட் ரோட்டில் நடந்தாள். பச்சைப் பலகையைத் தாண்டி, ரோடு திரும்புகிற இடம்வரைக்கும் அவள் அதை ஸ்டார்ட் செய்யவில்லை.